மலையகத்தில் ஓர் இரவுக் கூடாரம்: வழிகாட்டியோடு போய்வர எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

இரண்டு பகல், ஓர் இரவு. கூட ஒரு வழிகாட்டி. கூடாரத்துக்குள் கட்டில், எட்டும் தூரத்தில் ஒழுங்கான கழிவறை, சமைத்துத் தர ஓர் ஆள். மலையேறிப் பழக்கமில்லாத குடும்பங்கள் இப்படித் தங்கிப்பார்க்க ஆசைப்படுவது இப்போது கூடியிருக்கிறது. அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்து முகாம்களில் சில வருடங்களாகக் கூடமாட வேலை செய்கிறேன். கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று எங்கிருந்து வந்தாலும் புதியவர்கள் இடறுகிற இடம் ஒன்றுதான். கூடாரத்தின் படத்தைப் பார்த்து மயங்கிப் பணம் அனுப்பிவிடுகிறார்கள். பிறகு லீவு போடுகிறார்கள். பை கட்டும் இரவில்தான் "அங்கே மழையா?" என்று கேட்கிறார்கள். கீழே இருக்கும் வரிசை இதற்கு நேர்மாறானது.

1. மாதத்தைப் பார்த்து மலையின் பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள்

மலையகம் முழுக்க ஒரே வானிலை என்று நினைப்பதுதான் முதல் பிழை. நடுவில் நிற்கும் மலைத்தொடர் மழையை இரண்டாகப் பிரித்துவிடுகிறது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதிக் கொட்டித் தீர்க்கும். கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை எல்லாம் நனைந்துகொண்டே இருக்கும். அதே நாட்களில் மலைக்கு அந்தப் புறம் வெலிமடையும் பண்டாரவளையும் பதுளையும் காய்ந்து கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் நிலைமை தலைகீழ். வடகீழ்ப் பருவக்காற்று பதுளை, மடுல்சீமை, நக்கிள்ஸ் மலைகளை நனைக்க, ஹட்டன் பக்கம் மெல்ல வெளுக்கத் தொடங்கும். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நடப்பதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஆகவே ஜூன், ஜூலை, ஆகஸ்டில் லீவு கிடைத்தால் பதுளை, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் வாருங்கள். ஜனவரியில் கிடைத்தால் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் பாருங்கள். பெப்ரவரியும் மார்ச் முற்பாதியும் இரண்டு பக்கத்துக்கும் ஓரளவு நல்ல காலம். முதல்தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்வது அந்த ஆறு வாரங்களைத்தான்.

மார்ச் கடைசி, ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர்: காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், இரண்டு மணிக்குப் பிறகு இடிமழை. இந்த மாதங்களில் மொட்டை முகட்டில் கூடாரம் போட யாராவது கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுற்றிலும் உயரமாக எதுவும் இல்லாத இடத்தில் மின்னலுக்கு உங்கள் கூடாரக் கம்பிதான் உயரம்.

ஊவாவின் வறண்ட மாதங்களுக்கும் ஒரு குறை உண்டு. காற்று. அப்புத்தளை மலைக்கணவாயில் ஊர் அமைந்திருப்பதால் ஜூலைக் காற்று கூடாரத்தை இரவு முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். தூக்கம் லேசானவர்கள் முகட்டில் இருந்து சற்றே கீழே, மரவேலி மறைத்த இடமாகக் கேட்டு வாங்குங்கள். பத்தனை என்று சொல்லும் மலைப் புல்வெளிகள் அப்போதுதான் காய்ந்து தீப்பிடிக்கும். முகாம்காரர் விறகு மூட்ட மறுத்தால் கோபப்படாதீர்கள்.

மழைக்காலத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று மண்சரிவு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்கள் பட்ட பாட்டை எல்லோரும் அறிவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கிறது. நீங்கள் போகும் பிரிவின் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, புறப்படுவதற்கு முதல்நாள் பாருங்கள். மஞ்சள் என்றால் வழிகாட்டியிடம் பேசி முடிவெடுக்கலாம். செம்மஞ்சள் வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் சரி, கட்டிய பணம் போனாலும்.

ஏப்ரல் புத்தாண்டு வாரத்தை நான் எண்ணவே இல்லை. நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடக்கும்போது ஒரு வளைவைக் கடக்கவே அரை மணி நேரமாகும்.

2. கூடாரம் நிற்கும் நிலம் யாருடையது என்று கேளுங்கள்

மலையில் வெறுமையாகக் கிடக்கும் நிலம் என்று ஒன்றும் இல்லை. வனப் பாதுகாப்புத் திணைக்களம், வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், தோட்டக் கம்பெனி, தனியார் என்று யாராவது ஒருவருக்குச் சொந்தமாகவே இருக்கும். அது யார் என்பதைப் பொறுத்துத்தான் அனுமதி, கழிவறை, வாகனப் பாதை எல்லாம் அமையும். அதனால் இந்தக் கேள்வி விலையைக் கேட்பதற்கு முன்பே வர வேண்டும்.

ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் இருக்கிறது. நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ். இரண்டுமே 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் பகுதிகள். முன் அனுமதி இல்லாமல் உள்ளே இரவு தங்க முடியாது. "நமக்கு உள்ளே ஆள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பிடிபட்டால் ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைகளோடு வெளியே நிற்கப் போகிறவர்கள் நீங்கள்.

தோட்டக் காணியில் என்றால் தோட்ட முகாமையாளரான பெரிய துரையின் எழுத்துமூல அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) ஆட்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்பதெல்லாம் அனுமதி ஆகாது. கொழுந்து எடுக்கும் மலைக்கு மருந்தடிக்கும் நாட்களும் உண்டு. அனுமதி வாங்கியவருக்கு அந்த நாட்கள் தெரிந்திருக்கும்.

முதல்தடவைக்கு என் சிபாரிசு தனியார் காணியில் இருக்கும் முகாம். தண்ணீர்க் குழாயும் குழியோடு கட்டிய கழிவறையும் அங்கேதான் கிடைக்கும். தாமதமாகிவிட்டால் வாயிற்கதவு மூடிவிடுமோ என்ற பயமும் இல்லை. அடுத்த நாள் விடியற்காலையில் காட்டைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

3. வழிகாட்டியோடு தொலைபேசியில் பத்து நிமிடம் பேசுங்கள்

குறுஞ்செய்தியில் எல்லாவற்றுக்கும் "ஓம், செய்யலாம்" என்றுதான் பதில் வரும். பேசும்போதுதான் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரியும்.

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி, சாரதி வழிகாட்டி என்று அதில் வகைகள் உண்டு. எந்த வகை, இலக்கம் என்ன என்று கேட்பதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை. அனுமதிப்பத்திரம் உள்ளவர் மகிழ்ச்சியாகவே அனுப்பிவைப்பார்.

நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி இதுதான்: "அண்ணே, நடுராத்திரியில பெரிய மழை வந்தா எங்கள எங்க கொண்டுபோவீங்க?" நல்லவர் உடனே ஓர் இடத்தைச் சொல்வார்: கீழே பங்களா இருக்கிறது, தெரிந்த வீடு இருக்கிறது, வாகனம் இரவு முழுக்க அங்கேயே நிற்கும் என்று. "மழை வராது தம்பி" என்று சொல்பவரை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, இரவில் வழிகாட்டி உங்களோடு தங்குகிறாரா, இல்லை சாப்பாடு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறாரா? இதைக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பாதை தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். பிறகு, கிட்டிய வைத்தியசாலை எது, அங்கிருந்து எத்தனை நிமிடம்? அப்புத்தளைப் பக்கத்தவர் தியத்தலாவை ஆதார வைத்தியசாலை என்று யோசிக்காமல் சொல்வார். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி என்பதையும் கேளுங்கள். சிறுபிள்ளைகள் இருந்தால் ஆறு பேருக்கு ஒருவர் என்பதே எனக்குக் கூடுதலாகப் படுகிறது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தமிழ் பேசும் வழிகாட்டியையே கேளுங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள். "இந்தக் கல் வழுக்கும் அம்மா, இந்தப் பக்கம் காலை வைங்க" என்று சொந்த மொழியில் கேட்டால் கால் தானாகச் சரியான இடத்தில் விழும்.

4. விலையை உடைத்துக் கேட்டு எழுதி வாங்குங்கள்

"ஆளுக்கு இவ்வளவு" என்ற ஒரே எண்ணை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நுழைவுச்சீட்டு, கடைசி மூன்று நான்கு கிலோமீட்டருக்கு வரும் ஜீப் அல்லது ஆட்டோ, விறகு, இரண்டாம் நாள் மதியச் சாப்பாடு இவை சேர்ந்திருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இந்த நான்கில்தான்.

லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ உறவினர் வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூங்காக்களில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் வேறு, நம்மைவிடப் பல மடங்கு. இங்கே பிறந்தவர், தமிழ்தான் பேசுகிறார் என்பது வாயிலில் எடுபடாது. உள்ளூர்க்காரர்கள் தேசிய அடையாள அட்டையைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். முகாம் என்றாலே கோழி சுடுவது என்று சமையல்காரர் முடிவு செய்திருப்பார். வெள்ளிக்கிழமை, சஷ்டி, ஐயப்பனுக்கு மாலை போட்ட மாதம் என்றால் தனிப் பாத்திரம் வேண்டும் என்று சொல்லிவையுங்கள். சைவக்காரர்கள் ஏமாறும் இடம் சம்பல். கேட்காவிட்டால் அதில் மாசி இடித்துப் போட்டுவிடுவார்கள், அவர்களுக்கு அது மீன் கணக்கிலேயே வராது. முஸ்லிம் குடும்பங்கள் இறைச்சி எங்கே வாங்கப்படுகிறது என்று கேட்டு வைத்தால், தேவைப்பட்டால் பண்டாரவளையிலேயே வாங்கிக்கொண்டு ஏறலாம்.

முற்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். மழையால் தள்ளிப்போனால் அந்தப் பணம் வேறு திகதிக்கு மாறுமா என்பதற்கு எழுத்தில் ஒரு வரி வாங்குங்கள். மீதிக்குக் காசாகக் கொண்டுபோங்கள். முகாமில் அட்டை இயந்திரம் இருக்காது. கடைசி நகரத்து ஏரீஎம்மில் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பிப்போன சிலர், நீண்ட வாரஇறுதியில் அது காலியாகி நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

5. பையைக் குளிருக்கும் ஈரத்துக்கும் கட்டுங்கள்

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ் குறையும். எல்ல 1,000 மீட்டரைச் சற்றுத் தாண்டும், பண்டாரவளை 1,200ஐத் தாண்டும், அப்புத்தளை 1,400 மீட்டர் அளவில், நுவரெலியா 1,868 மீட்டர், ஹோட்டன் சமவெளி 2,100க்கு மேல். எல்லவில் ஒரு சுவெட்டர் போதும். நுவரெலியாவிலும் அதற்கு மேலும் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி படிவதுண்டு. போகும் இடத்தின் உயரத்தைக் கேட்டுத்தான் துணி எடுக்க வேண்டும்.

பெரிய ஜாக்கெட் ஒன்றைவிட மூன்று மெல்லிய துணிகள் மேல். ஏறும்போது வியர்க்கும், நின்றதும் அந்த வியர்வை குளிரும். ஒவ்வொன்றாகக் கழற்றவும் போடவும் முடிய வேண்டும். ஜீன்ஸ் கொண்டுவராதீர்கள். நனைந்தால் மலையில் இரண்டு நாளானாலும் காயாது, நடக்கும்போது தொடையை உரசிப் புண்ணாக்கும்.

தூங்குவதற்கென்று ஒரு சோடி உடுப்பும் காலுறையும் பொலித்தீன் பைக்குள் கட்டித் தனியாக வையுங்கள். என்ன மழை வந்தாலும் படுக்கப்போகும்வரை அதைத் திறக்கக் கூடாது. பகல் முழுக்க நனைந்தாலும் இரவு காய்ந்த துணியில் படுத்தால் குளிர் தெரியாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். (ஹோட்டன் சமவெளிக்குள் போகும்போது பொலித்தீனை வாயிலில் வாங்கி வைத்துவிடுவார்கள். அந்தப் பையை முகாமிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.)

சப்பாத்து பழகினதாக இருக்கட்டும். பயணத்துக்கென்று புதிதாக வாங்கியதைப் போட்டுவந்தவர்கள் முதல்நாள் மாலையே கொப்புளத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். அடிப்பாகம் வழுவழுப்பாகத் தேய்ந்ததும் வேண்டாம்.

மற்றவை: ஆளுக்கொரு டோர்ச், முடிந்தால் தலையில் கட்டுவது, கழிவறைக்குப் போகும்போது கை இரண்டும் சும்மா இருக்கும். குடையைவிட மழை அங்கி, காற்றில் குடை நிற்காது. வழக்கமாகக் குடிக்கும் மாத்திரை ஒருநாள் கூடுதலாக. ஒரு கட்டி சவர்க்காரம், இரத்தம் குடிக்கும் அட்டைக்கு. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பெரிய பையில் போடாமல் சட்டைப்பையில் வையுங்கள், குளிர்காற்று சட்டென்று பிடிக்கும். தொலைபேசி ஆளுக்கொரு கம்பெனியாக இருந்தால் நல்லது. டயலொக் எடுக்காத பள்ளத்தில் மொபிடெல் எடுக்கும், அடுத்த வளைவில் மாறிவிடும்.

வெள்ளைத் துணி, வாசனைத்திரவியம், ஒலிபெருக்கி மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முதலாவது சேறு. இரண்டாவதுக்குக் காரணம் எட்டாம் பகுதியில் வருகிறது. மூன்றாவது, பக்கத்து லயத்தில் காலை ஏழு மணிக்கு மலைக்குப் போக வேண்டியவர்கள் தூங்குகிறார்கள்.

6. பிற்பகல் மூன்று மணிக்கு முகாமில் இருக்கும்படி புறப்படுங்கள்

மலைப்பாதையில் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். வரைபடச் செயலி சொல்லும் நேரத்தோடு பனிமூட்டத்துக்கும் வளைவுக்கும் தேத்தண்ணீருக்கும் ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணி என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ஏழு மணிக்குள் இருட்டிவிடும், இங்கே அந்தி நீளாது. ஒருமுறை கொழும்பிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வழியில் நீர்வீழ்ச்சி நீர்வீழ்ச்சியாக நின்று ஏழரைக்கு வந்து சேர்ந்தது. மழைத்தூறலில், டோர்ச் வெளிச்சத்தில், வழுக்குப் படியில் பாட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அவர்கள் கழிவறை எந்தப் பக்கம் என்று பகலில் பார்த்ததே அடுத்த நாள்தான்.

ரயிலில் வருவதானால், டித்வா புயலில் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது என்பதை மனதில் வைத்து, உங்கள் நிலையம்வரை அன்று ரயில் ஓடுகிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ரயில் தாமதமாவது புதினமல்ல. மூன்று மணிக் கணக்குக்கு ரயிலை நம்புவதென்றால் முந்தைய நாளே வந்து பண்டாரவளையில் தங்குவது நல்லது.

பிள்ளைகளுக்கு வளைவில் வாந்தி வரும். வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறாதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். இரண்டு இடியப்பம், முகர்ந்துகொண்டு வர ஒரு தேசிக்காய், தொலைபேசியைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வருவது. இவ்வளவுதான் வைத்தியம்.

7. வந்ததும் படம் எடுக்காமல் கூடாரத்தைச் சோதியுங்கள்

கூடாரத்தை மாற்றித்தரக் கேட்க ஏற்ற நேரம் வெளிச்சம் இருக்கும் இந்த ஒரு மணி நேரம்தான். இருட்டிய பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மேலே பாருங்கள். யூகலிப்டஸ் மரத்தின் கீழ் கூடாரம் இருந்தால் நகர்த்தச் சொல்லுங்கள். அதன் கிளை காற்றே இல்லாத நாளில்கூட முறிந்து விழும். கீழே பாருங்கள். மழைத்தண்ணீர் ஓட, மேட்டுப் பக்கமாகச் சிறு வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சரிவில் வரும் தண்ணீர் கூடாரத்துக்குள் புகுந்துதான் மறுபக்கம் போகும். பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்மேடு இருந்து, அதில் புதிய வெடிப்போ கலங்கல் ஊற்றோ தெரிந்தால் அந்த இடமே வேண்டாம்.

உள்ளே கட்டிலில் கைவைத்து அழுத்திப் பாருங்கள். காற்றடித்த மெத்தை பார்க்கப் பஞ்சுபோல இருக்கும், இரவில் அதற்குள் இருக்கும் காற்று குளிர்ந்து முதுகை வாங்கிவிடும். கால் வைத்த கட்டிலிலும் அடியில் குளிர்காற்று ஓடும். புதியவர்கள் நான்கு கம்பளியையும் மேலே போர்த்திக்கொண்டு ஏன் நடுங்குகிறோம் என்று தெரியாமல் விழித்திருப்பார்கள். இரண்டைக் கீழே விரியுங்கள், இரண்டைப் போர்த்துங்கள்.

கழிவறைவரை ஒருமுறை பகலில் நடந்து, எத்தனை படி என்று எண்ணி வையுங்கள். தொலைபேசிக்கு எந்த மூலையில் சிக்னல் வருகிறது என்று வழிகாட்டியிடம் கேட்டு அங்கே ஒரு கல்லை வையுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம்: இரண்டு இலக்கமும் எல்லோருடைய தொலைபேசியிலும் இருக்கட்டும்.

வளைகுடாவில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த அண்ணன் ஒருவர் ஒருமுறை வந்திருந்தார். பாலைவன முகாம்களில் தங்கிப் பழகியவர். மணலில் எங்கே வேண்டுமானாலும் கம்பி அடிக்கலாம், இங்கே என்ன இவ்வளவு சட்டம் என்று சிரித்தார். பாலைவனத்திலும் இரவில் குளிர் உண்டு, ஆனால் காய்ந்த குளிர். நம் மலைக்குளிர் ஈரத்தோடு வருவது. விடியும்போது அவருடைய தலையணை கூடாரச் சுவரைத் தொட்டு ஊறிப்போயிருந்தது. நம் மூச்சின் ஈரமே துணியில் நீராகக் கோர்க்கும். அதனால் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிப் படுக்க வேண்டும், மேல் வலைச்சாளரத்தை முழுவதும் மூடக் கூடாது.

8. மாலை நடைக்குப் போகும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள்

அட்டை. மழை பெய்த புல்லில் கட்டாயம் இருக்கும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் காய்ந்த சவர்க்காரத்தைத் தேயுங்கள். கடித்தால் இழுத்துப் பிய்க்காதீர்கள். வாய்ப்பக்கம் நகத்தை வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். கடிக்கும்போது இரத்தம் உறையாதிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் சிறிது நேரம் வடியும். பஞ்சை வைத்து அழுத்திப் பிடியுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. நிற்காமல் நடப்பதே நல்ல பாதுகாப்பு, அட்டை ஏறுவது நாம் நின்று படம் எடுக்கும்போதுதான்.

குளவி அப்படியல்ல. கொழுந்து எடுக்கும் பெண்களைக் கேளுங்கள், சிறுத்தையைவிடக் குளவிக்குத்தான் பயப்படுவார்கள். மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் கூடு தொங்கும். கல் எறியாதீர்கள், கீழே புகை போடாதீர்கள், வாசனைத்திரவியம் பூசாதீர்கள். கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்த வழியே வேகமாக விலகுங்கள். பல இடத்தில் கொட்டியிருந்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே 1990.

மூன்றாவது ஆறு. உங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கும்போதே மேல்மலையில் மழை பெய்து தண்ணீர் திடீரென்று உயரும். தண்ணீர் கலங்கினாலோ, இலை குப்பை மிதந்து வந்தாலோ அந்த நொடியே கரையேறுங்கள். வழிகாட்டி காட்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் குளிக்க வேண்டாம்.

9. இரவுக்கு முன் சாப்பிட்டு, தீயை வெளியே விட்டுவிட்டுப் படுங்கள்

ஏழு மணிக்கே சாப்பிடுங்கள். சூடான தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல், கறி. வயிற்றில் சாப்பாடு இருந்தால் உடம்பு சூட்டைப் பிடித்துக்கொள்ளும். குளிருக்கு மதுபானம் நல்லது என்பது பொய். முதலில் சூடு தெரியும், பிறகு உடம்பின் வெப்பம் தோல் வழியே வெளியேறி இன்னும் குளிரும்.

கரி அடுப்பையோ காஸ் அடுப்பையோ எந்தக் காரணத்துக்காகவும் கூடாரத்துக்குள் எடுத்துப்போகாதீர்கள். அணைந்ததுபோல் தெரியும் தணலில் இருந்தும் கார்பன் மொனொக்சைட் வரும். அதற்கு மணம் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சூடு வேண்டுமென்றால் தண்ணீர் காய்ச்சிப் போத்தலில் ஊற்றி, இறுக மூடி, துணியில் சுற்றிக் காலடியில் வையுங்கள். எங்கள் முகாமில் எல்லோரும் விரும்பிக் கேட்பது அதைத்தான்.

மிச்சச் சாப்பாட்டைக் கூடாரத்துக்கு வெளியே வைக்காதீர்கள், காட்டுப்பன்றி வரும். நாயைக் கூட்டிவராதீர்கள், சிறுத்தை தேடிவருவது நாயைத்தான். இரவில் கழிவறைக்குப் போகும்போது ஒருவரை எழுப்பிக்கொண்டு, பேசிக்கொண்டு போங்கள்.

10. காட்சியைக் காலை ஒன்பதுக்குள் பார்த்து முடியுங்கள்

நாலரைக்கு எழும்ப வேண்டும் என்றால் முகம் சுளிப்பார்கள். ஆனால் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரம் மேகமாக எழுந்து ஒன்பது, பத்து மணிக்குள் எல்லாவற்றையும் மூடிவிடும். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்து விளிம்பின் 870 மீட்டர்ப் பள்ளத்தைப் பார்க்கப் போய் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். வாயில் ஆறு மணிக்குத் திறக்கும். சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர், குடும்பமாக நடந்தால் மூன்றரை மணி நேரம். ஆறு மணிக்கு உள்ளே போனால் உலக முடிவை முதலில் பார்க்கும் திசையில் சுற்றுங்கள். அதே பாதையில் இருக்கும் நீர்வீழ்ச்சி எங்கேயும் ஓடிப்போகாது.

விளிம்பில் முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது வேண்டாம். மண் பார்க்கக் கெட்டியாக இருக்கும், பனியில் ஊறி உதிரும். வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் பக்கத்தில் வந்து நிற்கும், பாணைக் கொடுக்காதீர்கள். தீனிக்குப் பழகிய மிருகம் பிறகு பையையே பறிக்கும்.

11. இறங்கும் முன் குப்பையையும் பிரேக்கையும் பாருங்கள்

கொண்டுவந்த பிஸ்கட் உறைவரை திரும்பக் கொண்டுபோங்கள். முகாமில் குப்பை எடுக்க வண்டி வராது, விட்டுவிட்டுப் போவது பெரும்பாலும் அங்கேயே எரிக்கப்படும். சப்பாத்துக்குள்ளும் குழந்தைகளின் காது மடலுக்குப் பின்னாலும் அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். இருட்டுமுன் சமதரைக்கு வந்துவிடும்படி மதியமே கிளம்புவது நல்லது.

ஏறும்போது எல்லோரும் கவனமாக ஓட்டுகிறார்கள், விபத்து நடப்பது இறக்கத்தில். எல்லவில் இருந்து வெல்லவாயவுக்கோ, றம்பொடையில் இருந்து கொத்மலைக்கோ இறங்கும்போது ஏறப் போட்ட அதே கியரில் இறங்கச் சொல்லுங்கள். ஓட்டோமற்றிக் வாகனம் என்றால் குறைந்த கியரில் பூட்டச் சொல்லுங்கள். பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும். கருகிய மணம் வந்தால் வெட்கப்படாமல் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டுச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடேறிய இரும்பு வெடித்துவிடும். பக்கத்தில் எங்காவது ஒரு தேத்தண்ணீர்க் கடை இருக்கும்.